போர்ட்ஃபோலியோவுக்குப் படம் ஏற்றுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

படம் கோணலாக இருக்கிறது, ஃபோகஸ் தப்பிவிட்டது என்பதெல்லாம் உங்கள் கண்ணிலேயே பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். எடுத்தபோது நன்றாக இருந்த படம் ஏற்றும்போது கெட்டுப்போகிறதே, எனக்கு அதுதான் ஆற்றாமை.

கலர் ஸ்பேஸை மாற்றாமல் ஏற்றுவது

புதிதாகக் கல்யாணப் படம் எடுக்க வந்த தம்பி ஒருவர், தன் தளத்தைக் காட்டினார். மணப்பெண் கட்டியிருந்தது அரக்குப் பட்டு. அவருடைய லேப்டாப்பில் ஃபோட்டோஷாப்பில் திறந்தால் தகதகவென்று இருக்கிறது. போனில் தளத்தைத் திறந்தால் சேலை மங்கி, முகங்கள் சோகை பிடித்துக் கிடக்கின்றன. "மானிட்டர் சரியில்லையாண்ணா?" என்றார். கோப்புகளின் பெயரைப் பார்த்தேன். எல்லாம் அண்டர்ஸ்கோரில் (_) தொடங்கின. கேனான், நிக்கான் கேமராக்களில் அடோபி ஆர்ஜிபி என்ற கலர் ஸ்பேஸை, அதாவது நிறங்களை எண்களாக எழுதும் கணக்குமுறையை, தேர்ந்தெடுத்திருந்தால் பெயர் அப்படித்தான் வரும்.

அடோபி ஆர்ஜிபி பெரிய நிற எல்லை, அச்சுக்கு உதவும். இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபிதான் பொது வழக்கு. எஸ்ஆர்ஜிபியில் 255 என்று எழுதப்படும் சுத்தச் சிவப்பு, அடோபி ஆர்ஜிபியில் ஏறக்குறைய 219. எது எந்தக் கணக்கு என்று சொல்லும் ப்ரொஃபைல் கோப்புக்குள் இருக்கும்வரை பிரச்சினையில்லை. ஆனால் பல தளங்கள் படத்தைச் சுருக்கும்போது அதை உருவிவிடுகின்றன. அப்புறம் பிரவுசர் அந்த 219-ஐ எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்கிறது. சிவப்பு செத்துப்போகிறது.

இதைச் சரிசெய்யப் போய் அவர் செய்ததுதான் இன்னும் எரிச்சல். 'கன்வெர்ட் டு ப்ரொஃபைல்' கொடுக்க வேண்டிய இடத்தில் 'அசைன் ப்ரொஃபைல்' கொடுத்து எஸ்ஆர்ஜிபி ஆக்கியிருந்தார். கன்வெர்ட், நிறத்தைக் காப்பாற்றி எண்ணை மாற்றும். அசைன், எண்ணை அப்படியே வைத்துவிட்டுப் பெயரை மட்டும் மாற்றும். பத்து மீட்டர் துணியின் மேல் பத்து கஜம் என்று சீட்டு ஒட்டுகிற வேலை அது. ஆல்பம் முழுவதும் இப்படியே போயிருந்தது.

பட்டுக்கடை ஒன்றின் விளம்பர வேலைக்கு அவர் அனுப்பியது இந்தத் தளத்தின் சுட்டியைத்தான். சேலையின் நிறமே தெரியாத படத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் எப்படிக் கூப்பிடுவார்? கூப்பிடவில்லை. நல்ல கையுள்ள பையன். லைட்ரூமில் எக்ஸ்போர்ட் செய்யும்போது கலர் ஸ்பேஸ் என்ற ஒரு பெட்டியில் எஸ்ஆர்ஜிபி தேர்ந்தெடுத்திருந்தால் போதும். யாரும் இதை முதலிலேயே சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான் என் கோபம்.

ஏற்றியபின் உங்கள் எடிட்டிங் மானிட்டரில் மட்டும் பார்க்காதீர்கள். வீட்டில் இருக்கும் சாதாரண ஆண்ட்ராய்டு போனில் தளத்தைத் திறந்து, அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் ஷார்ப்பன், பிறகு சுருக்கம்

வரிசை தலைகீழ். 6000 பிக்சல் படத்தில் போட்ட ஷார்ப்னஸ், நீளப் பக்கத்தை 2048 ஆக்கும்போது பெரும்பாலும் கரைந்துவிடும். சுருக்கியபின் இணைய அளவுக்கென்று தனியாக, மிதமாகப் போடுங்கள். கண்ணிமையும் சரிகை ஓரமும் 100 சதவீதப் பார்வையில் வெள்ளைக் கோடு கட்டினால் அளவு மீறிவிட்டது.

72 டிபிஐயா, 300 டிபிஐயா?

டிபிஐ என்பது அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. திரைக்கு இரண்டும் ஒன்றுதான். பிக்சலை மட்டும் பாருங்கள்.

சுருக்கிய படத்தை அசலின் மேலேயே சேமிப்பது

வேண்டாம். தனி ஃபோல்டர் போடுங்கள்.

ஜிபிஎஸ் விவரத்தோடு ஏற்றுவது

வாடிக்கையாளர் வீட்டில் எடுத்த குழந்தைப் படத்தில் அந்த வீடு இருக்கும் இடமும் பதிந்திருக்கலாம். எக்ஸ்போர்ட்டிலேயே நீக்கிவிடுங்கள்.