திறமாய் வரட்டும் என்று காத்திருக்கிறவர்கள் விடும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பாட, ஆட, வரையத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு ஒழுங்கைக்குள் நாலு வீடு ஏறி இறங்கினால் சங்கீதச் சான்றிதழ் வைத்திருக்கிற ஒருவரையாவது காணலாம். ஆனால் "ஒரு பாட்டுப் பாடுங்கோவன்" என்று கேட்டால், "ஐயோ, பழக்கம் விட்டுப் போச்சு, பிழை வரும்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வரைகிறவரிடம் கொப்பியைக் கேட்டாலும், கதை எழுதுகிறவரிடம் கதையைக் கேட்டாலும் "இன்னும் சரியா வரேல்லை" என்பார்கள். இவ்வளவு திறமை அலுமாரிக்குள் கிடந்து வீணாவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. நூற்றுக்கு நூறு சரியாக வந்தால்தான் வெளியே காட்டுவேன் என்கிற பிடிவாதம் எங்கள் ஊர்க் கலைகளில் எதிலும் கிடையாது. அப்படியிருந்தும் அவற்றின் பக்கத்திலேயே வாழ்கிற நாங்கள் அந்தப் பிடிவாதத்தோடு இருக்கிறோம்.

பரீட்சைக்கு வைத்த அளவுகோலைக் கலைக்கும் வைப்பதுதான் இதில் பெரிய தவறு. வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளைத் தரம் தரமாக எழுதி, கலாவித்தகர் பட்டம் வரை போகிற பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். அந்தப் பரீட்சைகள் பல தலைமுறைகளுக்கு நல்ல அடித்தளம் போட்டவை. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பரீட்சை முடிந்து பத்து வருடம் கழிந்த பிறகும் யாரோ எதிரே இருந்து புள்ளி போடுகிறார் என்ற நினைப்போடு பாடுவதால்தான் தொண்டை அடைத்துக்கொள்கிறது. புள்ளி போடுகிறவர் எப்போதோ எழும்பிப் போய்விட்டார்.

இந்த நினைப்பைக் கழற்ற, நாட்டார் தெய்வமான காத்தவராயனின் கதையைப் பாடி ஆடுகிற காத்தவராயன் கூத்தை ஒரு முழு இரவு பாருங்கள். ஒரே இரவில் காத்தவராயனாகப் பலர் வருவார்கள். பாலகனாக ஒருவர், வளர்ந்தவனாக இன்னொருவர், கழுமரம் ஏறும் கட்டத்தில் வேறொருவர். ஒருவர் உச்சத்தில் பாடுவார், அடுத்தவருக்குக் குரல் கட்டியிருக்கும். சனம் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. கதை ஓடவேண்டும், அவ்வளவுதான். பாட்டின் அடி மறந்தவருக்குக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஓரத்தில் நின்று எடுத்துக் கொடுப்பார், பின்னால் நின்று பாடுகிற பிற்பாட்டுக்காரர் அந்த வரியைத் தாங்கிப் பாடுவார்கள், அதற்குள் அவருக்கு அடுத்த அடி ஞாபகம் வந்துவிடும். பகலில் தோட்டத்திலோ கடலிலோ நின்றவர்கள்தான் இரவு முடி வைத்து ஆடுகிறார்கள். பிழை வரும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, வந்தால் தாங்குவதற்கு ஆளையும் பக்கத்தில் வைத்திருக்கிற அரங்கு அது. நீங்கள் தனியே அறைக்குள் இருந்து வரைகிறீர்கள், எழுதுகிறீர்கள் என்றால் உங்களுக்குப் பிற்பாட்டு யார் என்று யோசியுங்கள். அரைகுறையாகக் காட்டக்கூடிய ஒரு சிநேகிதர் போதும். ஊருக்கே காட்டத் தேவையில்லை. முதல் வரைவைப் பேஸ்புக்கில் போட்டுவிட்டு எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பதும் ஒரு தவறுதான்.

பழகி முடித்துவிட்டு மேடை ஏறுவோம் என்று நினைப்பது இன்னொன்று. இசை நாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்துவை எடுத்துக்கொள்ளுங்கள். அரிச்சந்திர மயான காண்டம் என்றால் இன்றும் வயது போனவர்கள் சொல்லுகிற முதல் பெயர் அவருடையது. அரிச்சந்திரன் என்கிற அந்த ஒரு பாத்திரத்தை அவர் ஆயிரக்கணக்கான மேடைகளில் நடித்தார். கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டும் தெரியும், முடிவும் தெரியும். இருந்தும் கோயில் வீதியில் பாயை விரித்துக்கொண்டு சனம் விடிய விடிய இருந்தது. அந்த நடிப்பு மேடையில்தான் முதிர்ந்தது, மேடைக்கு முன்னால் அறைக்குள் அல்ல.

இந்த விசயத்தை இன்னும் கிட்ட நின்று பார்க்க விரும்பினால், மார்கழி கடைசியில் பட்டம் கட்டுகிற பொடியன்களோடு ஒரு பின்னேரம் இருங்கள். மூங்கிலைப் பிளந்து, கத்தியால் சீவி, நடுவில் நூலில் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் பாரம் ஒத்து நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் சீவுவார்கள். இது நிலத்தில் செய்யக்கூடிய வேலை, அதைக் கவனமாகவே செய்வார்கள். பிறகு மெல்லிய ரிசுப் பேப்பர் ஒட்டி, பட்டத்தை நூலோடு பொருத்தும் முச்சையைக் கட்டி, வெட்டை வெளிக்குக் கொண்டுபோவார்கள். ஏற்றிய உடனே அது தலைகீழாகக் குத்தும். யாரும் திகைப்பதில்லை. இறக்கி, முச்சையின் முடிச்சைக் கொஞ்சம் மேலே தள்ளி, வாலில் இன்னொரு துண்டுச் சீலையை முடிந்து, திரும்ப ஏற்றுவார்கள். இப்போது ஒரு பக்கம் சரியும். திரும்ப இறக்கல். வாடைக்காற்று அன்றைக்கு எப்படி அடிக்கிறதோ அதற்கேற்ற முச்சையை வீட்டு விறாந்தையில் இருந்து கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது. கடைசியில் அது நின்று பிடித்ததும், காற்றில் அதிர்ந்து ஒலிக்கிற விண் பூட்டுவார்கள். முந்தி பனைநாரைச் சீவிப் பூட்டினார்கள், இப்போது பொதி கட்டும் நாடா. இரவிரவாக அது கூவும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் கப்பல், விமானம், பறவை என்று என்னென்ன உருவமெல்லாமோ ஏறுகின்றனவே, அவ்வளவும் இப்படிக் குத்திக் குத்தி எழும்பியவைதான்.

எழுதுகிறவர்கள் முதல் பந்தியையே மாதக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பது விறாந்தையில் இருந்து முச்சை கட்டுகிற வேலை. கதையை முடித்துவிட்டுப் பாருங்கள். எங்கே சரிகிறது என்று அப்போதுதான் தெரியும்.

இதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கத் தவறுக்குப் போகிறவர்களும் உண்டு. "பிழை வந்தாப் பரவாயில்லை எண்டால் எப்பிடியும் செய்யலாம்தானே" என்பார்கள். அப்படியல்ல. பனையோலை இழைக்கிற ஆச்சிமார் யாரிடமாவது போய் இருந்து பாருங்கள். இளம் ஓலையான சார்வோலையைப் பக்குவமாகக் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, இழைக்க முன்னம் ஈரப்படுத்தி வைத்திருப்பார்கள். "ஓலை காஞ்சு போச்சுப் பிள்ளை, தண்ணியைத் தெளிச்சு வை, இல்லாட்டி வெடிச்சுப் போம்" என்று சொல்லுவார்களே தவிர, அந்த வேலையில் ஒன்றைக்கூட விடமாட்டார்கள். ஆனால் இழைக்கும்போது ஒரு ஓலை கொஞ்சம் நெளிந்தால் பெட்டியைத் தூக்கி எறிவதில்லை. இரண்டு வரி பிரிப்பார்கள், இழுத்து நெருக்குவார்கள், மேலே போவார்கள். பிட்டு அவிக்கிற நீற்றுப்பெட்டியில் மா நன்றாக அவியவேண்டும், கடகப்பெட்டி சுமை தாங்கவேண்டும். எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது என்று பாவனைதான் சொல்லிக்கொடுக்கிறது. உங்கள் வேலையிலும் அப்படி இரண்டு மூன்று இடங்கள் இருக்கும். அவற்றில் கறாராக இருங்கள், மற்றதில் கையை இளக விடுங்கள்.

பழகாத கையின் கோட்டை அழித்துவிடுவது கவனிக்கப்படாத ஒரு தவறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ஒரு கலைநூலில், போரால் வீட்டை இழந்தவர்கள் தங்கள் வீடு எப்படி இருந்தது என்று நினைவில் இருந்து வரைந்த நிலப்படங்கள் இருக்கின்றன. அவர்கள் ஓவியர்கள் அல்லர். ஒவ்வொரு படத்தோடும் முறைப்படி வரைந்த கட்டட வரைபடமும், சனாதனனின் ஓவியமும் வரும். மூன்றையும் பார்க்கும்போது என் கண் போவது அந்தப் பழகாத கோட்டுக்குத்தான். விறாந்தை எங்கே இருந்தது என்று தேடித் தேடிப் போன கை அதில் தெரிகிறது. கணினியில் நேராக்கிவிட்டால் அது போய்விடும்.

சென்னைச் சபாக் கச்சேரியையும் யூரியூப் நடனத்தையும் பக்கத்தில் வைத்துத் தன்னை அளப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த அளவுகோலால், கதை எழுதுகிறவர் தன் வீட்டுப் பேச்சை அழித்துவிட்டுச் சினிமாப் பேச்சை எழுதுகிறாரே, அதுதான் எனக்குக் கவலை.

கடைசியாக, ஊர்க் கலையில் ஊக்கம் தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அதன் மேற்தோலை மட்டும் எடுப்பது. ஒரு பனைமரம், நல்லூர்க் கோபுரம், ஒரு மாட்டுவண்டி என்று மூன்றையும் ஒரு படத்தில் சேர்த்துவிட்டால் அது யாழ்ப்பாணம் ஆகிவிடாது. கலை நடக்கிற இடத்துக்குப் போகவேண்டும். பாசையூர், குருநகர், நாவாந்துறைப் பக்கம் கூத்துப் பழகும் நாள்களை விசாரித்துப் போங்கள். அரங்கேறிய கூத்தைவிடப் பழக்கத்தில்தான் கற்பதற்கு நிறைய உண்டு, அங்கேதான் அண்ணாவியார் நிறுத்தி நிறுத்தித் திருத்துவார். யாழ்ப்பாண நகரில் பிரதான வீதியில் இருக்கிற, 1965இல் மரிய சேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். திருவிழாக் காலத்தில் இணுவில், அளவெட்டிப் பக்கக் கோயில்களில் மேளக்காரருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். தவில் மேதை தட்சிணாமூர்த்தி வளர்ந்த சூழல் அது. தாளம் போடுகிற சின்னப் பொடியனைக் கவனியுங்கள். அவனை யாரும் முதல் நாளே தனி வாசிக்கச் சொல்வதில்லை, தாளத்தோடு கூட்டத்துக்குள் நிற்கவிடுகிறார்கள்.

போகும்போது வெறும் போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடித்து வரவும் வேண்டாம். இழைக்கிறவரிடம் ஒரு பெட்டியை, பேரம் பேசாமல், வாங்குங்கள். அந்தப் பின்னலை உங்கள் ஓவியத்திலோ உடுப்பிலோ பாவிக்கப் போகிறீர்கள் என்றால் அவரிடம் கேட்டுவிட்டுப் பாவியுங்கள், அவர் விரும்பினால் பெயரையும் போடுங்கள். உங்கள் வேலை முடிந்ததும், குறையோடு இருந்தாலும், அதை முதலில் அவருக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த இடத்தில் இழுத்து நெருக்கவேண்டும் என்று அவர் சொல்லுவார்.