லெவல் விதி எழுதுபவர்கள் கோட்டை விடும் இடங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் ஆட்டங்களைக் கொஞ்ச நாள் நடத்தினால், கேரக்டர்கள் லெவல் லெவலாக எப்படி வளர வேண்டும் என்று சொந்தமாக ஒரு விதி எழுதிப் பார்க்கும் ஆசை வந்துவிடும். வரட்டும், நல்லதுதான். ஆனால் எழுதி முடித்ததும் பலரும் செய்யும் சோதனை ஒன்றே: இந்த லெவல் கேரக்டர் இந்த அரக்கனை எத்தனை சுற்றில் சாய்க்கிறது? என்னைக் கேட்டால் அது இரண்டாம்பட்சம். அரக்கன், ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரின் கையில் இருக்கிறான். சீக்கிரம் விழுகிறானா, உயிர்ப்புள்ளியை ஏற்றலாம், துணைக்கு இரண்டு பேரை இறக்கலாம். அடுத்தடுத்த நாற்காலியில் இருக்கும் இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே விழும் இடைவெளியை அப்படிச் சரிசெய்ய முடியாது.

எங்கள் குழு இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. ஒவ்வொரு லெவலுக்கும் ஆயிரம் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), ஆட வந்தவருக்கு மட்டுமே எக்ஸ்பி என்று வைத்திருந்தோம். ஷிஃப்ட் வேலை பார்த்த நண்பர் ஒருவரால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் வர முடிந்தது. சில மாதங்களில் மற்றவர்கள் ஏழாம் லெவல், அவர் நான்கு. சண்டை என்று வந்தால் அவருடைய கேரக்டரைக் காப்பாற்றுவதே எங்கள் வேலையாகிவிட்டது. அவர் செய்யும் எதுவும் சண்டையின் போக்கை மாற்றவில்லை. அப்புறம் அவர் வருவதையே நிறுத்திவிட்டார். அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

ஆளாளுக்குத் தனி எக்ஸ்பி என்பது மட்டும் அங்கே குற்றமில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் பதிப்பிலும் தனித்தனிக் கணக்குதான். இரண்டாம் லெவலுக்குத் திருடனுக்கு 1,200 போதும், ஃபைட்டருக்கு (போர்வீரர்) 2,000, மேஜிக் யூசருக்கு (மந்திரவாதி) 2,500. ஆனால் ஃபைட்டரின் அட்டவணை அதன் பிறகு 4,000, 8,000, 16,000, 32,000 என்று இரட்டிப்பாகப் போகும். குழு 16,000 எக்ஸ்பியோடு ஐந்தாம் லெவலில் நிற்கும்போது புது ஃபைட்டர் ஒருவர் பூஜ்யத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இன்னொரு 16,000 சேர்க்கும்போது அவர் ஐந்தாம் லெவலைத் தொட்டிருப்பார், மற்ற ஃபைட்டர்கள் ஆறில்தான் இருப்பார்கள். பின்தங்கியவரை அட்டவணையே இழுத்துக்கொண்டு வந்து சேர்க்கிறது. எங்கள் ஆயிரம் ஆயிரம் கணக்கில் அந்த இழுவை கிடையாது. மூன்று லெவல் பின்தங்கினால் கடைசிவரை மூன்று லெவல்தான். பழைய விதியின் ஒரு பாதியை மட்டும் எடுத்து வந்து ஒட்டுவதில் இருக்கும் ஆபத்து இது. எல்லா லெவலுக்கும் ஒரே எக்ஸ்பி கேட்கும் தட்டையான அட்டவணைதான் வேண்டும் என்றால், எக்ஸ்பியைக் குழுவுக்குப் பொதுவாக வைத்துவிடுங்கள்.

தட்டையான அட்டவணையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சேலஞ்ச் ரேட்டிங் (அரக்கன் எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்) 10 உள்ள ஓர் அரக்கனுக்கு 5,900 எக்ஸ்பி. நான்கு பேர் பிரித்துக்கொண்டால் தலைக்கு 1,475. லெவலுக்கு ஆயிரம் என்ற விதியில் ஒரே சண்டையில் லெவல் தாண்டிவிடும். அட்டவணையை மாற்றுகிறவர் அரக்கனுக்குக் கிடைக்கும் எக்ஸ்பியையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

அதோடு எல்லா லெவலும் ஒரே எடை இல்லை. ஐந்தாம் லெவலில் ஃபைட்டர் ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை தாக்குகிறார், விசார்டின் (மந்திரவாதி) கைக்கு ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் வருகிறது, கேன்ட்ரிப்புகள் என்ற, எத்தனை முறையும் போடக்கூடிய சின்ன மந்திரங்களின் சேதப் பகடை கூடுகிறது. நான்கிலிருந்து ஐந்துக்குப் போவது ஆறிலிருந்து ஏழுக்குப் போவது போன்றதல்ல. ‘இந்தத் திறமையை ஒரு லெவல் முன்னாடியே கொடுத்தால் என்ன’ என்று ஒரே கிளாஸுக்கு (கேரக்டர் வகை) மட்டும் சலுகை தருபவர்கள், ஐந்துக்கு உரியதை நான்கில் கொடுத்துவிட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது, கூட்டல் எண்களைத் தாராளமாக அள்ளிக் கொடுப்பது. ஐந்தாம் பதிப்பில் புரொஃபிஷியன்சி போனஸ் (கேரக்டர் பழகிய செயல்களுக்கு உருட்டும் பகடையோடு கூட்டும் எண்) +2இல் தொடங்கி 17ஆம் லெவலில் +6 ஆகிறது. இருபது லெவலுக்கும் சேர்த்து அது கூடுவது வெறும் 4. அப்படியிருக்க, ‘இரண்டு லெவலுக்கு ஒருமுறை தாக்குதலில் +1’ என்ற விதி மொத்தம் +10 சேர்த்துவிடும். அடி படுகிறதா என்று பார்க்க, இருபது பக்கப் பகடையை உருட்டி, போனஸைக் கூட்டி, எதிரியின் கவச எண்ணோடு ஒப்பிடுகிறோம். அந்தப் பகடையில் ஒரு புள்ளி என்பது ஐந்து சதவீத வாய்ப்பு. பத்துக்கு ஆறு அடி படுகிற இடத்தில் +2 கொடுத்தால் ஏழு படும், சேதம் ஆறில் ஒரு பங்கு கூடும். மூன்றுதான் படுகிற இடத்தில் அதே +2 நான்காக்கும், அங்கே மூன்றில் ஒரு பங்கு கூடும். எதிரியின் கவசம் கனமாகும் அளவுக்கு அந்த போனஸின் மதிப்பும் ஏறுகிறது. போனஸ் உள்ளவரை எதிர்கொள்ளக் கவசத்தை உயர்த்தினால் மற்றவர்களின் அடி எதுவும் படாது. உயர்த்தாவிட்டால் அவருடைய அடி எல்லாம் படும். இப்படி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டால் எந்த அரக்கனைக் கொண்டு வந்தும் அவிழ்க்க முடியாது.

லெவலையே தூக்கிப் போட்டுவிட்டு, எக்ஸ்பியைக் காசு மாதிரி செலவழித்துத் திறமைகளை வாங்கும் முறை எனக்குப் பிடித்தது. ஆனால் விலைதான் எல்லாம். கர்ப்ஸ் (GURPS) என்ற ஆட்டத்தில் ஒரு திறமையின் படிகளுக்கு மொத்த விலை 1, 2, 4, 8, 12 என்று ஏறும், அதனால் ஒன்றிலேயே எல்லாவற்றையும் கொட்டுவதற்கு முன் யோசிப்பார்கள். வேம்பயர்: தி மாஸ்கரேட் ஆட்டத்தின் பழைய பதிப்புகளில் ஒரு ஓட்டை இருந்தது. கேரக்டரை உருவாக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே விலை. பிறகு எக்ஸ்பி கொடுத்து ஒரு அட்ரிபியூட்டை (வலிமை போன்ற அடிப்படைக் குணம்) உயர்த்தினால், அப்போதைய மதிப்பை நான்கால் பெருக்கிய விலை. இரண்டு அட்ரிபியூட்டுகளை ஒருவர் 5, 1 என்று தொடங்குகிறார், இன்னொருவர் 3, 3. இருவருக்கும் 5, 3 வேண்டும். முதலாமவர் ஒன்றை மூன்றாக்க 4 + 8 = 12 எக்ஸ்பி. இரண்டாமவர் மூன்றை ஐந்தாக்க 12 + 16 = 28. கடைசியில் இருவர் தாளிலும் இருப்பது ஒன்றே. விதியின் நுணுக்கம் தெரியாமல், கதைக்குப் பொருத்தமாகக் கேரக்டர் செய்தவர் 16 எக்ஸ்பி அதிகம் கட்டுகிறார். உருவாக்கத்துக்கும் வளர்ச்சிக்கும் ஒரே விலைப்பட்டியல் இருந்தால் இந்த அநியாயம் நடக்காது.

எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ அதைத்தான் ஆட்டக்காரர்கள் செய்வார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கடைசி அடி அடித்தவருக்கு எக்ஸ்பி என்றால், காயம்பட்டவரைத் தூக்கிவிட யாருக்கும் மனசு வராது. கால் ஆஃப் துல்ஹு என்ற ஆட்டம் இதை அழகாகக் கையாள்கிறது. ஆட்டத்தில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய திறமைக்கு ஒரு டிக். பிறகு நூறு பக்கப் பகடையில் அந்தத் திறமையின் எண்ணைவிட அதிகம் விழுந்தால்தான் வளர்ச்சி. 30 இருப்பவருக்கு 70 சதவீத வாய்ப்பு, 80 இருப்பவருக்கு 20. வல்லவர் மெதுவாகவும் புதியவர் வேகமாகவும் வளர்கிறார்கள். இதைக் கடன் வாங்கும்போது, எத்தனை முறை பயன்படுத்தினாலும் ஒரு திறமைக்கு ஒரே டிக் என்ற பூட்டையும் சேர்த்து வாங்குங்கள். விட்டால் டிக் சேர்ப்பதற்காகவே அறைக்கு அறை பூட்டைத் திறந்துகொண்டிருப்பார்கள்.

விதியைச் சோதிக்க முதல் லெவல் போதாது. 1, 5, 11, 17 ஆகிய நான்கு லெவல்களிலும் இரண்டு கேரக்டர்களைத் தாளில் செய்து பாருங்கள். ஒன்று உங்கள் குழுவில் கணக்கில் கெட்டிக்காரர் எப்படிச் செய்வாரோ அப்படி, மற்றது கதைக்காக மட்டும் ஆடுபவர் எப்படிச் செய்வாரோ அப்படி. இரண்டாவது கேரக்டர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் முதலாவது இன்னும் நன்றாகச் செய்கிறது என்றால், திரும்ப எழுத உட்காருங்கள். சரி என்று பட்டால் குழுவிடம் காட்டி, மூன்று செஷனுக்குப் பிறகு விதி மாறலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாறினால் செலவழித்த எக்ஸ்பி முழுவதும் திரும்பக் கிடைக்கும், வேண்டியவர் கேரக்டரை மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.