விலை கேட்கவும் பேரம் பேசவும் ஆங்கிலம்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் வந்து இறங்கும் ஒருவர், அரிசி முதல் உடுப்பு வரை எல்லாவற்றையும் தமிழ்க் கடைகளிலேயே வாங்கி, ஒரு சொல் ஆங்கிலம் பேசாமல் மாதக்கணக்கில் இருந்துவிட முடியும். தொடக்க நாட்களில் அது பெரும் ஆறுதல்தான். ஆனால் அந்த ஆறுதலே பலரின் வாயைக் கட்டிப்போட்டதைக் கண்டிருக்கிறேன். நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கு அரசு செலவில் நடக்கும் லிங்க் (LINC) எனும் ஆங்கில வகுப்புகளிலும், ரொறன்ரோ பொது நூலகக் கிளைகளில் கூடும் ஆங்கில உரையாடல் வட்டங்களிலும் கட்டாயம் சேருங்கள். அத்துடன் கிழமைக்கு ஒரு முறையாவது, தமிழ் பேசாத கடையொன்றுக்குத் துணையில்லாமல் போய் வாருங்கள். அங்கே கேட்கப்படும் கேள்விகள் ஏறத்தாழ எப்போதும் ஒன்றே. பிழை விட்டாலும் போவது சில டொலர்கள்தான்.

முதலில் பழக வேண்டியது பேச்சன்று, விலையைக் காதால் பிடிப்பது. ‘ஃபிஃப்டீன்’ என்பதில் அழுத்தம் பின்பகுதியில் விழுந்து நீளும். ‘ஃபிஃப்டி’ என்பதில் முன்பகுதியில் விழுந்து சட்டென்று முடியும். ஐயம் வந்தால் ‘வன் ஃபைவ், ஆர் ஃபைவ் ஸீரோ?’ என்று இலக்கமாகவே கேளுங்கள், இந்த ஊரில் பிறந்தவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். ‘ஃபோர் நைன்ட்டி நைன்’ என்றால் பலசரக்குக் கடையில் 4 டொலர் 99 சதம், தளபாடக் கடையில் 499 டொலர். இறைச்சிக்கும் பழத்துக்கும் பெரும்பாலும் இறாத்தல் விலையைப் பெரிய எழுத்திலும் கிலோ விலையைச் சிறிய எழுத்திலும் போட்டிருப்பார்கள், 1.99 என்று பெரிதாகத் தெரிவது கிலோவுக்கு 4.39 ஆகும். ‘இஸ் திஸ் பெர் பவுண்ட் ஆர் ஈச்?’ என்ற ஒரு கேள்வி பல தடுமாற்றங்களைத் தவிர்க்கும்.

தட்டில் ஒட்டியிருக்கும் விலையில் பொதுவாக வரி சேர்ந்திருக்காது. ஒன்ராறியோவில் விற்பனை வரி 13 சதவீதம்; ஆகவே 20 டொலர்ப் பாத்திரத்துக்கு 22.60 கேட்பார்கள். அரிசி, பால், முட்டை, மரக்கறி போன்ற அடிப்படை உணவுகளுக்கு இந்த வரி இல்லை. 2013 பெப்ரவரிக்குப் பின் ஒரு சத நாணயம் வெளியிடப்படுவதில்லை என்பதால், காசாகக் கொடுக்கும்போது மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து சதத்துக்குக் கூட்டியோ குறைத்தோ எடுப்பார்கள். அட்டையில் செலுத்தினால் சரியான தொகையே போகும். ஒரு டொலர் நாணயம் ‘லூனி’, இரண்டு டொலர் நாணயம் ‘டூனி’, 25 சதம் ‘குவார்ட்டர்’. இந்தப் பெயர்கள் தெரியாவிட்டால் மீதிக் காசு பற்றிய பேச்சு விளங்காது.

காசாளரிடம் எதற்கும் ‘எஸ்’ என்று தலையாட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பை வேண்டுமா என்பது முதல் கேள்வியாக இருக்கலாம், ஏதேனும் நற்பணிக்கு ஒரு டொலர் கொடுக்க விருப்பமா என்பது அடுத்ததாக இருக்கலாம், கடையின் கடன் அட்டைக்கு விண்ணப்பிக்கிறீர்களா என்பதும் அதே வேகத்தில் வரும். நான் வந்த புதிதில் ஒரு கடையில் விளங்காமலே ‘எஸ்’ சொல்லி, வேண்டாத நீடித்த உத்தரவாதத்துக்குப் பணம் கட்டியிருக்கிறேன். ‘சாரி, குட் யூ ரிப்பீட் தட்?’ என்று கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை. வேண்டாமென்றால் ‘நோ, தாங்க் யூ’ போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. பொருளைத் திருப்பி எடுக்கும் கடமை, மனம் மாறியதற்காக மட்டும் என்றால், சட்டப்படி கடைக்குக் கிடையாது. அது கடையின் சொந்த விதி. ஆகவே காசு கொடுக்க முன்னரே ‘வாட்ஸ் யுவர் ரிட்டர்ன் பாலிசி?’ என்று கேளுங்கள். ‘ஃபைனல் சேல்’ என்றால் திருப்ப முடியாது. ‘ஸ்டோர் கிரெடிட்’ என்றால் காசு கைக்கு வராது, அதே கடையில்தான் செலவழிக்க வேண்டும்.

பேரம் இங்கே இல்லை என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. பேரங்காடியில் தேங்காயின் விலையைக் குறைக்கச் சொல்ல முடியாது, ஆனால் வேறு கடையின் விளம்பரத் தாளைக் காட்டி, அதே விலைக்குத் தருவீர்களா என்ற பொருளில் ‘டூ யூ ப்ரைஸ் மாட்ச்?’ என்று சில இடங்களில் கேட்கலாம். தளபாடம், மெத்தை, கைபேசித் திட்டம், பழைய கார், வீட்டு முற்றத்தில் பழைய பொருட்களை விற்கும் கராஜ் சேல் ஆகிய இடங்களில் பேரம் தாராளமாக நடக்கிறது. நம்மவர்கள் இடறுவது சொற்களில் அன்று, மரியாதையில். ‘குறைச்சுத் தாங்கோ’ என்னும்போது மரியாதை வினைச்சொல்லின் இறுதியிலேயே அமைந்திருக்கிறது. அதையே ‘கிவ் மீ லெஸ்’ என்று பெயர்த்தால் அந்த மரியாதை உதிர்ந்து, கட்டளை மட்டும் மிஞ்சுகிறது. ஆங்கிலத்தில் மரியாதை கேள்வி வடிவில் வருகிறது: ‘இஸ் தட் யுவர் பெஸ்ட் ப்ரைஸ்?’, ‘வுட் யூ டேக் ஃபோர்ட்டி ஃபார் இட்?’. பொருளைப் பழித்து விலையைக் குறைக்கும் நம் சந்தை வழக்கத்தை இங்கே தவிருங்கள், விற்பவர் அதைத் தன் மீதான அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். இணைய விளம்பரத்தில் ‘ஃபர்ம்’ என்றிருந்தால் விலை இறங்காது. ‘ஓபிஓ’ (OBO, அதாவது ‘ஆர் பெஸ்ட் ஆஃபர்’) என்றிருந்தால் பேச இடமுண்டு.

கார் வாங்கும்போது மட்டும் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டாம், ஆங்கிலம் நன்கு தெரிந்தவரைக் கூட்டிச் செல்லுங்கள். ஒன்ராறியோவில் பதிவுபெற்ற விற்பனையாளர் விளம்பரப்படுத்தும் விலையில், விற்பனை வரியும் உரிமக் கட்டணமும் தவிர மற்றெல்லாக் கட்டணங்களும் அடங்கியிருக்க வேண்டும். ‘வாட்ஸ் தி ஆல் இன் ப்ரைஸ்?’ என்பதே அங்கே முதற்கேள்வி. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு மனம் மாறித் திரும்புவதற்கென்று சட்டம் அவகாசம் தருவதில்லை.

பேரத்துக்குப் பழகுவதற்குக் கோடைகாலச் சனிக்கிழமைக் காலையில் நடக்கும் கராஜ் சேல்தான் நல்ல இடம். ஐந்து டொலர் கேட்கும் விளக்குக்கு ‘வுட் யூ டேக் த்ரீ?’ என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், ‘தட்ஸ் ஓகே, தாங்க் யூ எனிவே’ என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்கலாம்.