மாடிமேல் ஒரு மாலை: காட்பாடியில் ரயிலேறி பெங்களூர் ரூஃப்டாப் பாருக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

வேலூர்க்காரர்களுக்கு மொட்டை மாடியின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் பகல் முழுவதும் காய்ந்த தளத்தில் அந்தி சாயும்போது நான்கு வாளித் தண்ணீரை ஊற்றி, சூடு ஆவியாகி அடங்கிய பின் பாயை விரித்துப் படுத்து, எப்போதாவது வரும் காற்றுக்காகக் காத்திருந்து வளர்ந்தவர்கள் நாம். ரூஃப்டாப் பார் என்பதும் அந்த மொட்டை மாடிதான். கையில் ஒரு கோப்பையும் மேசைமேல் ஒரு பில்லும் கூடுதலாக வரும். இருட்டிய பிறகு அங்கே போகிறவர் கொடுத்த காசில் பாதியை இழந்துவிடுகிறார் என்பது என் அனுபவம். பொழுது சாய்வதற்கு அரை மணி நேரம் முன்பே இருக்கையில் அமர்ந்துவிட வேண்டும். கீழே எழுதியிருக்கும் படிகளெல்லாம் அந்த அரை மணி நேரத்தைக் கைநழுவ விடாமல் இருப்பதற்காகத்தான்.

முதல் படி: நாளையும் இடத்தையும் முடிவு செய்தல்

சென்னையிலும் இத்தகைய இடங்கள் நட்சத்திர ஓட்டல்களில் உண்டு. ஆனாலும் முதன்முறை போகிறவர்களுக்கு நான் பெங்களூரையே சொல்வேன். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால் நம் ஊரில் வியர்வை வழியும் மாதங்களில்கூட அங்கே மாலைக் காற்று குளிர்ந்திருக்கும். செப்டம்பரும் அக்டோபரும் அந்த ஊரில் மழை மிகுந்த மாதங்கள். மழை வந்துவிட்டால் திறந்த மாடியை மூடி உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள். அதற்கு ரயிலேறிப் போயிருக்க வேண்டியதில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். காந்தி ஜெயந்தி அன்றும், தேர்தல் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் மது விற்பனை கிடையாது என்பதையும் நாள் குறிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, விட்டல் மல்லையா சாலையில் உள்ள யூபி சிட்டியின் 16ஆம் மாடியில் இருக்கும் ‘ஸ்கை’, நகரத்தின் நடுவில் கப்பன் பூங்காவை ஒட்டி இருக்கிறது. ஓரையன் மாலுக்குப் பக்கத்தில் வேர்ல்டு டிரேடு சென்டரின் 31ஆம் மாடியில் இருக்கும் ‘ஹை அல்ட்ரா லவுஞ்ச்’ அதைவிடப் பெரிய உயரம். இஸ்கான் கோயில் குன்று காலடியில் இருப்பதுபோல் தோன்றும். இரண்டுமே செலவு மிக்கவை. இந்திரா நகர், கோரமங்களா பக்கம் மூன்றாம் நான்காம் மாடிகளில் சொந்தமாக பீர் காய்ச்சும் கடைகள் நிறைய உள்ளன. அங்கே செலவு குறைவு, உடையைப் பற்றிய கெடுபிடியும் குறைவு. உயரத்தைக் கண்டால் தலை சுற்றுகிறவர் இவற்றில் தொடங்குவதே நல்லது.

இரண்டாம் படி: முன்பதிவு

இணையத்தில் பதிவு செய்தாலும், ஒருமுறை தொலைபேசியில் பேசிவிடுவது என் வழக்கம். ஓரத்து மேசை கிடைக்குமா, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், கவர் சார்ஜ் எனும் நுழைவுத் தொகை உண்டா, உண்டென்றால் அந்தத் தொகைக்குச் சாப்பிட்டுக் குடித்துக் கழித்துக்கொள்ளலாமா என்ற கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஆண்கள் மட்டும் கூட்டமாகப் போவதாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது உத்தமம். பல இடங்களில் வார இறுதியில் அப்படிப்பட்ட குழுவை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு லிஃப்ட் வாசலில் நின்று வாதாடுவதைவிட மதியமே தெரிந்துகொள்வது மேல். செவ்வாய், புதன் என்று வார நடுவில் போனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

பெங்களூரில் சூரியன் மறையும் நேரம் நவம்பரில் ஏறத்தாழ மாலை 5.50, ஜூலையில் 6.50. நீங்கள் போகும் நாளுக்கு உரிய நேரத்தைப் பார்த்து, அதற்கு அரை மணி முன்னதாக மேசையைப் பதிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் கூட்டமும் இருக்காது, பாட்டுச் சத்தமும் காதைத் துளைக்காது. பல இடங்களில் விலைச் சலுகையும் அப்போதுதான்.

மூன்றாம் படி: பயணமும் தங்குமிடமும்

காட்பாடியிலிருந்து பெங்களூர் ரயில் வழியில் சுமார் 230 கிலோமீட்டர். காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் பிற்பகலில் இறங்கிவிடலாம். ரயில் நிலையத்தை ஒட்டிய மெஜஸ்டிக் பக்கம் ஒரு லாட்ஜில் பையை வைத்துவிட்டு, குளித்து, உடை மாற்றிக்கொள்ள நேரம் தாராளமாக இருக்கும். மெஜஸ்டிக்கிலிருந்து ‘ஸ்கை’க்கு மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் கப்பன் பார்க் நிலையத்துக்கும், ‘ஹை’க்கு கிரீன் லைனில் சாண்டல் சோப் ஃபேக்டரி நிலையத்துக்கும் போகலாம். மாலை ஆறு மணி நெரிசலில் வாடகைக் காரில் ஏறுகிறவருக்குச் சூரியன் மறைவது சிக்னலில்தான் தெரியும். அன்றிரவே ஊர் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ரயிலில் போதையில் இருப்பதே ரயில்வே சட்டத்தின் 145ஆம் பிரிவின்படி குற்றம்.

நான்காம் படி: உடை

இதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதன்முறை போனபோது ஆம்பூரில் வாங்கிய நல்ல தோல் செருப்பை, துடைத்துப் பளபளப்பாக்கி, மாட்டிக்கொண்டு போயிருந்தேன். லிஃப்ட் வாசலில் நின்ற இளைஞர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். “சாரி சார், ஷூ இருந்தாதான்” என்றார். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று உலகத்துக்கே காலணி தைத்து அனுப்பும் வட்டாரத்திலிருந்து வந்தவனைக் காலணிக்காகத் திருப்பி அனுப்புகிறார்களே என்று சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஷூவுக்காக அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் வானம் கறுத்துவிட்டது.

ஆகவே, மூடிய காலணி, முழுக்கால் சட்டை, காலர் வைத்த சட்டை என்று போனால் எந்த இடத்திலும் தடை இராது. தமிழ்நாட்டில் வேட்டி கட்டியவரைப் பொழுதுபோக்கு மன்றங்கள் தடுக்கக்கூடாது என்று 2014இல் சட்டமே வந்தது; ஆனால் அது ஓசூரைத் தாண்டினால் செல்லாது. மேலே காற்று வீசும் என்பதால் ஒரு மெல்லிய ஸ்வெட்டரோ சால்வையோ அவசியம். பெண்களுக்கு ஒரு குறிப்பு: பல மாடிகளில் மரப்பலகைத் தரை போட்டிருப்பதால், ஊசிக் குதிகால் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். 21 வயது நிறைந்ததா என்று கேட்பார்கள்.

ஐந்தாம் படி: என்ன சொல்வது, எப்படிக் குடிப்பது

உட்கார்ந்ததும் முதலில் தண்ணீரையும் சாப்பிட ஏதாவது ஒன்றையும் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் மது வேகமாக ஏறும். கொழுப்பும் புரதமும் கலந்த உணவு உள்ளே இருந்தால் அந்த வேகம் குறையும். அதன் பிறகு மெனுவை நிதானமாகப் பார்க்கலாம்.

நம் ஊர்க் கணக்கு குவார்ட்டர், கட்டிங். குவார்ட்டர் 180 மி.லி., அதில் பாதியான கட்டிங் 90 மி.லி. அங்கே எல்லாம் 30, 60 என்றுதான் அளப்பார்கள்: ஸ்மால் என்றால் 30, லார்ஜ் என்றால் 60. என்னோடு வந்த மச்சான், ஸ்டீல் அளவைக் குவளையிலிருந்து அந்த 30 மி.லி. பனிக்கட்டிகளுக்கு நடுவே வழிந்து, கண்ணாடியின் அடியில் ஒரு விரற்கடை உயரம்கூட நிற்காததைக் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னா மச்சான், இம்மாந்தானா?” என்று கேட்டார். இம்மாந்தான். அதை நாற்பது நிமிடம் வைத்திருக்கத் தெரிந்துகொள்வதுதான் இந்த மாலையின் வித்தை.

ஒரு சிறு கணக்கு தெரிந்திருந்தால் ஏமாற மாட்டீர்கள். நம் நாட்டு விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவை பெரும்பாலும் 42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்டவை, 30 மி.லி.யில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கும். உடல் அதைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். 8 விழுக்காடு கொண்ட 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் ஒன்றில் ஏறத்தாழ 40 கிராம் இருக்கிறது. “நான் வெறும் பீர்தான்” என்று சொல்கிறவர் நான்கு ஸ்மால் குடித்திருக்கிறார் என்று பொருள். காக்டெயில்களில் லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்று ஒன்று வரும். பெயரில் டீ இருந்தாலும் டீத்தூளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வோட்கா, ஜின், ரம், டெக்கீலா, ஆரஞ்சு மதுவகை ஒன்று என ஐந்தும் சேர்ந்து, மேலே ஊற்றிய கோலாவின் இனிப்பில் ஒளிந்திருக்கும். முதல் நாளில் அதைத் தொட வேண்டாம். ஜின்னும், லேசாகக் கசக்கும் சோடாவான டானிக் வாட்டரும் கலந்து எலுமிச்சைத் துண்டு போட்டுக் கேளுங்கள். குளிர்ந்த காற்றுக்கு அது பொருந்தும், மெல்லக் குடிக்கவும் வரும். பீர் காய்ச்சும் கடைகளில் சிறு குவளைகளில் வகைக்குக் கொஞ்சமாகத் தரும் சாம்ப்ளர் கேட்டால், எது பிடிக்கும் என்று தெரிந்து வாங்கலாம்.

குடிக்காதவர்கள் கூச்சப்பட வேண்டியதே இல்லை. உப்புப் போட்ட லைம் சோடாவோடு முழு மாலையும் உட்காரலாம். காற்றுக்கும் வானத்துக்கும் தனி விலை போடுவதில்லை.

ஒவ்வொரு கோப்பைக்கும் இடையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். கைப்பேசியையும் கண்ணாடிக் கோப்பையையும் கைப்பிடிச் சுவர்மேல் வைக்காதீர்கள். டிஷ்யூ காகிதம் ஒன்று பறந்துபோவதைப் பார்த்தாலே மேலே காற்று எப்படி என்று புரியும். வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு நீலமாகி, கீழே வண்டிகளின் விளக்கு வரிசை சிவப்பாகத் துலங்கத் தொடங்கும் இருபது நிமிடங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு எடுக்கும் படமெல்லாம் கறுப்புதான்.

ஆறாம் படி: பில்

நான் போன உயரமான இடங்களில் ஒரு காக்டெயில் 700 ரூபாய்க்குக் குறைந்து கிடைத்ததில்லை.  பில் வந்ததும் வரிசை வரிசையாகப் படியுங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரிதான்; உணவுக்கு மட்டுமே ஜிஎஸ்டி. சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை சேர்த்திருந்தால் அது கட்டாயமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அவ்வாறு வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடும்படி அமைதியாகக் கேட்டால் எடுத்துவிடுவார்கள். பரிமாறியவர் நன்றாகக் கவனித்திருந்தால் அவர் கையிலேயே டிப்ஸ் கொடுங்கள். எனக்கு அதில்தான் திருப்தி.

ஏழாம் படி: இறங்குதல்

பார்கள் இரவு ஒரு மணி வரை திறந்திருக்கும், மெட்ரோவோ பதினொரு மணி அளவில் நின்றுவிடும். ஐந்தரை மணிக்கே வந்து அமர்ந்தவர் ஒன்பதரைக்கு எழுந்தால் மெட்ரோவிலேயே லாட்ஜுக்குத் திரும்பிவிடலாம். சொந்த வண்டியில் வந்திருந்தால், ஒரு கோப்பைகூடத் தொடாதவர் ஓட்ட வேண்டும், 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். அந்த அளவைத் தாண்ட இரண்டு மூன்று ஸ்மால் போதும்.

படுக்கும் முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, அலாரம் வைத்துப் படுங்கள். விடிந்ததும் லால்பாக் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் முற்பகலிலேயே காட்பாடி வந்துவிடும். ஜோலார்பேட்டை தாண்டும்போதே ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடலாம்.