கோட்டு போட்டால் முதல் வகுப்பு கிடைக்காது

விமானத்தில் இலவசமாக மேல் வகுப்புக்குப் போக என்ன வழி என்று என்னிடம் யாரும் கேட்காத கல்யாண வீடே இல்லை. சென்னை விமான நிலையத்தில் செக்-இன் கவுன்ட்டருக்குப் பின்னால் பல ஆண்டுகள் உட்கார்ந்தவள் என்பதால், ரகசியம் என் கைப்பையில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை. எகானமி நிரம்பி வழிந்து, மேல் வகுப்பில் இருக்கை காலியாக இருந்தால் சிலரை மேலே மாற்றுவோம். வேறு காரணத்துக்காக மாற்றுவது மிக அரிது. ஆகவே பயணியால் செய்ய முடிந்தவை இரண்டுதான். நிரம்பி வழியக்கூடிய விமானத்தில் டிக்கெட் எடுக்கலாம். மாற்றும்போது தன் பெயர் பட்டியலின் மேல்பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன், முதல் வகுப்பு ஆசையை ஒரு படி இறக்கிவிடுகிறேன். இடமாற்றம் பெரும்பாலும் ஒரு படிதான்: எகானமியிலிருந்து பிரீமியம் எகானமிக்கோ பிசினஸுக்கோ, பிசினஸிலிருந்து ஃபர்ஸ்ட் கிளாசுக்கோ. எகானமி டிக்கெட்டோடு வந்தவர் நேராக ஃபர்ஸ்ட் கிளாசில் போய் உட்காருவதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். அந்த வகுப்பே இப்போது அரிதாகிவிட்டது. 2000இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் வகுப்பிலேயே முழுதாகப் படுக்கும் இருக்கையைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போயின. பிசினஸிலேயே படுத்துத் தூங்க முடிகிறபோது அதற்கும் மேலே பணம் கொடுக்க ஆள் குறைந்தார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ380 என்ற பெரிய விமானத்தில் ஃபர்ஸ்ட் கிளாசுக்கு, தனி அறை போன்ற ஆறே ஆறு சூட்டுகள். எமிரேட்ஸின் ஏ380 விமானத்தில் பதினான்கு. அமெரிக்க உள்நாட்டு விமானங்கள் தனிக் கதை. அங்கே முன்பக்கத்து அகல இருக்கைக்கே ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றுதான் பெயர். டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மூன்றுமே அடிக்கடி பறக்கும் உயர்நிலை உறுப்பினர்களுக்கு, இடம் இருந்தால், அதை இலவசமாகத் தருவதைத் திட்டமாகவே வைத்திருக்கின்றன. டல்லாஸ் மருமகன் ஃபர்ஸ்ட் கிளாசில் வந்ததாகச் சொன்னால் எந்த வழித்தடம் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எகானமி ஏன் நிரம்பி வழிகிறது? டிக்கெட் எடுத்தவர்களில் சிலர் வருவதில்லை. அதைக் கணக்கிட்டு, இருக்கும் இடத்தைவிடச் சற்றுக் கூடுதலாக விற்கிறார்கள். எல்லோரும் வந்து நின்றுவிட்டால் யாரையாவது பயணத்திலிருந்தே இறக்க வேண்டும், அல்லது மேல் வகுப்புக்கு ஏற்ற வேண்டும். இறக்கினால் செலவு. இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி, முதலில் தாமாக இருக்கையை விட்டுக்கொடுப்பவர் உண்டா என்று கேட்க வேண்டும். விருப்பமில்லாதவரை இறக்கி, ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் தர முடியாமல் 24 மணி நேரத்துக்குள் தந்தால், ஒருவழி அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்து அதன் இரு மடங்கு, 10,000 ரூபாய் வரை, இழப்பீடு. அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய் வரை. மேலே காலியாக இருக்கும் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்தால் ஒரு சாப்பாட்டுச் செலவோடு முடிந்துவிடும். எங்கள் தாராள மனசுக்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான்.

எனவே விமானத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. திங்கள் காலையிலும் வெள்ளி மாலையிலும் கம்பெனிச் செலவில் பறப்பவர்கள் பிசினஸ் வகுப்பை நிரப்பிவிடுவார்கள். அன்று உங்களுக்கு ஒன்றும் நடக்காது. தீபாவளி, பொங்கல், பள்ளி விடுமுறைக் காலங்களில் நிலைமை தலைகீழ். வளைகுடாவில் கோடை விடுமுறை விட்டதும் குடும்பம் குடும்பமாக ஊருக்கு வருவார்கள். எகானமியில் குழந்தைகளின் அழுகை; பிசினஸில் அலுவலகப் பயணிகள் குறைவு. ஆள் மாற்றும் வேலை அதிகம் நடந்தது அந்த நாட்களில்தான். கடைசி நேரத்தில் விமானமே மாறுவதும் உண்டு. வேறு அமைப்புள்ள விமானம் வந்து, எகானமி இருக்கைகள் குறைந்துவிட்டால் எங்களுக்குத் தலைவலி, பயணிகளில் சிலருக்கு அதிர்ஷ்டம்.

இனி பட்டியல். யாரை மாற்றுவது என்று கவுன்ட்டரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. பெரும்பாலும் முதலில் பார்ப்பது உறுப்பினர் நிலை, அடுத்து டிக்கெட்டின் விலைப்பிரிவு. அடிக்கடி பறப்பவர்களுக்காக விமான நிறுவனம் நடத்தும் திட்டத்தில் உறுப்பினராகச் சேர்வது இலவசம். சேர்ந்து, அந்த எண்ணை முன்பதிவிலேயே கொடுத்துவிடுங்கள். தங்கம், வெள்ளி என்று எந்த நிலையும் இல்லாவிட்டாலும், எண் உள்ளவர் எண்ணே இல்லாதவருக்கு முன்னால் நிற்பார். பறக்கப் பறக்கக் கணக்கில் சேரும் புள்ளிகளான மைல்களை நான்கு இடத்தில் சிதறவிட வேண்டாம். ஏர் இந்தியா 2014இல் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது; அந்தக் கூட்டணியில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் லுஃப்தான்சாவும் இருக்கின்றன. எதில் பறந்தாலும் ஒரே கணக்கில் சேர்த்தால்தான் ஒருநாள் நிலை உயரும். விலைப்பிரிவு என்பது டிக்கெட்டில் இருக்கும் ஒற்றை எழுத்து. எகானமியில் ‘ஒய்’ என்றால் முழுக் கட்டணம். மலிவு விலையில் எடுத்ததும் சுற்றுலாக் குழுவோடு எடுத்ததும் பட்டியலின் அடியில் கிடக்கும்.

தனியாகப் போகிறவருக்கு வாய்ப்பு அதிகம். நான்கு பேர் குடும்பத்தைப் பிரித்து, அப்பாவை மட்டும் மேலே அனுப்பி அம்மாவின் சாபத்தை வாங்கிக்கொள்ள எந்த ஊழியருக்கும் ஆசை இல்லை. இதற்காகவே கணவன், மனைவி தனித்தனி முன்பதிவு செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் விமானம் ரத்தானால் ஒருவருக்கு இன்று, மற்றவருக்கு நாளை என்று இடம் கிடைக்கலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் அதைச் செய்யவே வேண்டாம்.

சிறப்பு உணவு கேட்டு வைத்தவரை மாற்றவும் ஊழியர்கள் தயங்குவார்கள்; அவருக்கான தட்டு எகானமி வண்டியில் ஏறியிருக்கும். இந்திய வழித்தடங்களில் சைவம் பெரும்பாலும் எப்படியும் இருக்கும். உடல்நலத்துக்கோ சமயத்துக்கோ கட்டாயம் தேவை என்றால் தயங்காமல் கேளுங்கள். ஓர் இருக்கைக்காகப் பட்டினி கிடப்பது மடத்தனம்.

கடைசியாக வந்து நின்றால் மேலே மாற்றுவார்கள் என்றொரு நம்பிக்கை உலவுகிறது. நிரம்பிய விமானத்தில் இருக்கை எண் இல்லாமல் கடைசியில் நிற்பவர்தான் முதலில் இறக்கப்படுபவர். இணையத்தில் செக்-இன் செய்துவிடுங்கள். பிறகு கேட் பக்கத்திலேயே இருங்கள். பல மாற்றங்கள் அங்கேதான், கடைசி அரை மணி நேரத்தில் நடக்கும். பெயரைக் கூப்பிடும்போது நீங்கள் வாசனைத் திரவியக் கடையில் இருந்தால் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம்.

கேட்கலாமா? கேட்கலாம், ஒரே ஒரு முறை. “இன்று எகானமி நிறைந்திருக்கிறதா? யாரையாவது மாற்ற வேண்டியிருந்தால் என்னையும் பாருங்கள், நான் தனியாகத்தான் போகிறேன்.” இவ்வளவு போதும், ஊழியருக்குத் தேவையான தகவல் எல்லாம் இதில் இருக்கிறது. தேனிலவு, முதுகு வலி, பெரிய இடத்துத் தொடர்பு எதுவும் வேண்டாம். இன்று பிறந்தநாள் என்பவரின் பாஸ்போர்ட் எங்கள் கையில்தான் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். இனிப்புப் பெட்டியை நீட்டினால் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நாங்கள். கோட்டு, சூட்டுக்குக் கணினியில் கட்டம் இல்லை. ஆனால் பட்டியலில் சமமாக இருவர் இருந்து, ஒருவர் மேல் மது வாசம் வீசினால், மற்றவர்தான் மேலே போவார். ஏறிய பிறகு விமானப் பணிப்பெண்ணிடம் கெஞ்சுவதில் பயனில்லை. இருக்கைக் கணக்கு தரையில் முடிந்துவிட்டது. உங்கள் இருக்கை உடைந்திருந்தால் மட்டும் கதவு மூடுவதற்குள் சொல்லுங்கள்.

இன்னொரு வழியைப் பலர் கவனிப்பதில்லை. யாராவது அடுத்த விமானத்தில் வர முடியுமா என்று அறிவிப்பார்கள். அவசரம் இல்லாதவர் என்றால் எழுந்து போய், அடுத்த விமானத்தில் பிசினஸ் இருக்கை தருவீர்களா என்று கேளுங்கள். அப்போது பேரம் பேசும் பலம் உங்களுக்குத்தான். 2017 ஏப்ரலில் சிகாகோவில் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ஒரு பயணியை யுனைடெட் விமானத்திலிருந்து இழுத்துப்போன காட்சி உலகம் முழுக்கப் பரவியது. அதன் பிறகு டெல்டா, இப்படி விட்டுக்கொடுப்பவர்களுக்குத் தரக்கூடிய தொகையின் உச்சவரம்பை 9,950 டாலராக உயர்த்தியது. ஒப்புக்கொள்வதற்கு முன் புதிய போர்டிங் பாஸ் அச்சாகி உங்கள் கைக்கு வர வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி வரிசையை விட்டு விலகாதீர்கள்.

மைல்களைக் கொடுத்து மாறுவதும், மேல் வகுப்பின் காலி இருக்கைக்கு ஏலத்தில் தொகை சொல்லி மாறுவதும் இலவசம் அல்ல. ஆனாலும் காத்திருந்து ஏமாறுவதைவிட அவை உறுதியானவை. மைல் வைத்திருப்பவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே விதியைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எகானமி ‘லைட்’ கட்டணத்தில் எடுத்தால் மைல் கொடுத்து மேலே போக முடியாது.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். பிசினஸ் டிக்கெட் வாங்கியவரை எகானமிக்கு இறக்கினால், 2023 பிப்ரவரி முதல் டி.ஜி.சி.ஏ. விதிப்படி உள்நாட்டில் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தில் தூரத்தைப் பொறுத்து 30, 50 அல்லது 75 சதவீதம்.

உங்களுக்கு நல்ல நேரம் என்றால், கேட்டில் போர்டிங் பாஸை வைத்ததும் இயந்திரம் வேறு மாதிரி ஒலி எழுப்பும். ஊழியர் புதிய தாளை நீட்டுவார். வாங்கிக்கொண்டு நடங்கள், ஜன்னல் ஓரம் இருக்கிறதா என்று கேட்டு வரிசையை நிறுத்த வேண்டாம். பெரும்பாலும் லவுஞ்சும் கூடுதல் மைலும் இதில் சேராது. நீங்கள் கொடுத்த கட்டணத்துக்கு உரிய மைல்தான் வரும். கால் நீட்டும் இருக்கைக்கு முன்பே தனியாகப் பணம் கட்டியிருந்தால், பழைய போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போனதும் அந்தத் தொகையைத் திரும்பக் கேட்டு எழுதுங்கள்.