'குஸ்தார்': ஸ்பானிய மொழியில் 'பிடிக்கும்' என்று சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானிய மொழி படிப்பவர்களுக்குத் தொடக்கப் பாடங்களிலேயே எதிர்ப்படும் வினைச்சொல் 'குஸ்தார்'. பிடித்திருப்பதைச் சொல்ல உதவுவது. தமிழர்கள் இதில் தடுமாற வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் தடுமாறுகிறார்கள். ஆங்கிலத்தில் 'நான்' எழுவாயாக நிற்கும். அந்தப் பழக்கத்தில் 'யோ குஸ்தோ எல் காஃபே' என்று சொல்லிவிடுகிறார்கள். 'மே குஸ்தா எல் காஃபே' என்பதே சரி. 'மே' என்றால் எனக்கு, எழுவாய் காபிதான். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்ற நம் வாக்கியத்தின் அமைப்பும் இதேதான்.

ஆகவே தமிழிலிருந்து நேராகப் போங்கள். ஒருவர் தனக்குப் பிடித்ததைச் சொன்னால், 'யோ தாம்பியேன்' (நானும்) என்று பதில் சொல்லாதீர்கள். 'ஆ மீ தாம்பியேன்', அதாவது 'எனக்கும்'. பிடிக்காததற்கு 'ஆ மீ தாம்போக்கோ'. தலைவலிக்கும் இதே வழிதான்: 'மே துவேலே லா காபேசா', எனக்குத் தலை வலிக்கிறது.

ஆனால் தமிழே காலை வாரும் இடங்களும் உண்டு. நமக்குப் பூனை என்றாலும் பூனைகள் என்றாலும் 'பிடிக்கும்' ஒன்றுதான். அங்கே பன்மை வந்தால் வினையும் மாற வேண்டும்: 'மே குஸ்தான் லோஸ் காத்தோஸ்'. அந்த 'லோஸ்' என்ற சுட்டையும் (ஆங்கில 'the' போன்றது) விட முடியாது. செயல்களைச் சொல்லும்போது மட்டும், அவை எத்தனை வந்தாலும் வினை ஒருமையிலேயே நிற்கும்: 'மே குஸ்தா காந்தார் இ பைலார்', பாடவும் ஆடவும் பிடிக்கும்.

பெயர் சொல்லும்போது இன்னொரு சிக்கல். 'மரியாவுக்கு' என்பதற்கு 'ஆ மரியா' போதும் என்று தோன்றும். போதாது, 'ஆ மரியா லே குஸ்தா பைலார்' என்று 'லே'யும் சேர வேண்டும். வேற்றுமையை இரண்டு முறை சொல்வது நமக்கு வீணாகப் படும், அதனால்தான் இந்த 'லே' பலரிடம் காணாமல் போகிறது.

உண்மையிலேயே சங்கடத்தில் மாட்டிவிடுவது மனிதர்களைப் பற்றிய பேச்சு. உடன் வேலை செய்யும் ஆனாவை நல்லவர் என்று பாராட்ட நினைத்து 'மே குஸ்தா ஆனா' என்றால், கேட்பவர் பெரும்பாலும் காதல் ஈர்ப்பு என்றே எடுத்துக்கொள்வார். 'மே காயே பியேன் ஆனா' என்று சொல்லுங்கள். ஒருவரைப் பார்த்து 'மே குஸ்தாஸ்' என்பது கிட்டத்தட்டக் காதலைத் தெரிவிப்பதுதான்.

'மிகவும்' என்பதற்கு 'முய்' இங்கே ஒட்டாது. 'மே குஸ்தா முச்சோ'. அதைவிட அழுத்தமாகச் சொல்ல 'மே எங்காந்தா' இருக்கிறது. அதிலேயே 'மிகவும்' அடங்கிவிடுவதால் 'முச்சோ' சேர்க்க வேண்டாம்.

மெக்சிகோவில் 'குஸ்தா உன் காஃபே?' என்று உபசரிப்பார்கள். மரியாதையாகக் 'காபி சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்பது அது. இங்கே எழுவாய் நீங்கள்தான். 'சி, கிராசியாஸ்' என்றால் காபி வந்துவிடும்.