ரூபி செயலிக்குள் ஜாவாஸ்கிரிப்ட்டை விரைவுபடுத்தும் வழி

பனங்கட்டியும் ஒடியலும் புழுக்கொடியலும் விற்கும் யாழ்ப்பாணத்துச் சிறு இணையக் கடையொன்றுக்காக, ரூபி மொழியின் இணையச் சட்டகமான ரெயில்ஸில் வேலை செய்தபோது, நாற்பது பொருட்கள் உள்ள பட்டியல் பக்கம் மட்டும் மிகவும் தாமதமாகத் திறந்தது. ஒவ்வொரு பொருளின் அட்டையையும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் கொண்டு சேவையகத்திலேயே உருவாக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தைத் திறந்தவாறே டெர்மினலில் செயன்முறைகளின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின், பட்டியலைக் கவனித்தேன். நோட் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) என்ற பெயரில் ஒரு வரி தோன்றி மறைந்து, உடனே வேறு எண்ணுடன் மீண்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

காரணம், ரூபியிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நூலகமான எக்ஸெக்ஜேஎஸ் நோட்டைப் பயன்படுத்தும் முறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் அது முழு மூலநிரலையும் தற்காலிகக் கோப்பொன்றில் எழுதி, புதிய நோட் செயன்முறையைத் தொடக்கி, விடையைப் பெற்றவுடன் அதை முடித்துவிடுகிறது. ஆகவே நேரம் கழிவது உங்கள் நிரல் ஓடுவதில் அன்று, இயந்திரத்தைத் திரும்பத் திரும்பத் தொடக்குவதிலேயே.

முதலில் ரெயில்ஸ் கொன்சோலில் எக்ஸெக்ஜேஎஸ் எந்த இயக்கியைத் தெரிவுசெய்துள்ளது என்று பாருங்கள். நோட் என்று வந்தால், செயலியின் நூலகங்களைப் பட்டியலிடும் ஜெம்ஃபைலில் மினிரேசர் என்ற நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது வி8 என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரத்தை ரூபி செயன்முறைக்குள்ளேயே இயக்குவதால், ஒருமுறை ஏற்றிய மூலநிரல் அதன் சூழலில் (நிரலும் மாறிகளும் தங்கும் இடத்தில்) நிலைத்திருக்கும். ஆனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய சூழலை உருவாக்கினால் இந்தப் பயன் முழுவதும் வீணாகும்; ஒன்றை உருவாக்கி வைத்து மீண்டும் மீண்டும் அழைப்பதே சரியான முறை.

மினிரேசரில் இருப்பது வி8 மட்டுமே, நோட் அன்று. கோப்பு வாசிக்கும் நூலகங்களும், குறித்த நேரம் கழித்து நிரலை ஓட்டும் செட்டைம்அவுட்டும் அங்கே கிடையா. மேலும், சூழல் நிலைத்திருப்பதால் குளோபல் மாறிகளும் நிலைத்திருக்கும். ஒரு வாடிக்கையாளரின் பெயரை அங்கே வைத்தால் அது அடுத்தவரின் பக்கத்தில் தோன்றக்கூடும். வேகத்தைவிட இதையே நான் கூடுதலாக அஞ்சுகிறேன். தரவு அனைத்தையும் அழைப்பின் அளவுருக்களாகவே கொடுங்கள்.

ரெயில்ஸ் செயலியை ஓட்டும் இணையச் சேவையகமான பூமா பல வேர்க்கர்களுடன் (தாயிலிருந்து பிரியும் பிள்ளைச் செயன்முறைகளுடன்) ஓடும்போது, தாய்ச் செயன்முறையில் உருவாக்கிய சூழல் பிள்ளைச் செயன்முறையில் அப்படியே உறைந்துவிடலாம். ஆதலால் வேர்க்கர் பிரிந்த பின்னரே அதை உருவாக்க வேண்டும். ஒரு சூழலை ஒரு நேரத்தில் ஒரு திரெட்டே (செயன்முறைக்குள் இணையாக ஓடும் இழை) பயன்படுத்த முடியும் என்பதால் சில சூழல்களைக் கொண்ட தொகுதியொன்றை வைத்திருப்பது நல்லது, ஆயினும் ஒவ்வொன்றும் தனித்தனியே நினைவகம் எடுக்கும். முடிவற்ற சுழலொன்று சேவையகத்தையே முடக்காதிருக்க, மில்லிசெக்கனில் நேர வரம்பும் கொடுங்கள்.

எங்கள் பட்டியலில் மிகப் பெரிய பயன் தந்தது எளிய மாற்றமொன்று: நாற்பது அழைப்புகளை விட்டு, நாற்பது பொருட்களையும் ஒரே ஜேசனாக (தரவை எழுதும் உரை வடிவம்) ஒரே அழைப்பில் அனுப்பினோம். விலை மாறாத அட்டைகளின் எச்டிஎம்எல்லை, பொருளின் இறுதித் திருத்த நேரத்தைச் சாவியில் சேர்த்து, ரெயில்ஸ் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்தோம். அவற்றுக்கு இப்போது ஜாவாஸ்கிரிப்ட் ஓட வேண்டிய தேவையே இல்லை.